ரெக்கவரி வண்டியில் மாங்காய் ஏற்றலாமா? கிருஷ்ணகிரி, தருமபுரி வண்டிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். பழுதான வண்டிகளைத் தட்டையான தளத்தில் ஏற்றிக்கொண்டுபோகும் ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாள் தொப்பூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் மூன்று தடவை ஓடுகிறார். அடுத்த நான்கு நாள் வண்டி புளியமரத்தடியில் நிற்கிறது. மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. "சும்மா நிக்கிற வண்டிதானேண்ணா, மாங்காய் சீசன் வருது. தோட்டத்துல இருந்து லோடு அடிச்சா என்ன?" என்று கேட்டார்.

இதே கேள்வியைப் பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெக்கவரி வண்டிக்கு விவசாயத்தில் வேலை உண்டு. ஆனால் அந்த வேலை தக்காளியும் மாங்காயும் ஏற்றுவது அல்ல, நின்றுபோன டிராக்டரைத் தூக்குவது. விளைச்சலைத்தான் ஏற்ற வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு சின்ன வண்டி வேண்டும். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, எடுத்து வாகன வகுப்பு என்ற இடத்தைப் பாருங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியிலும் தெரியும். அங்கே ரெக்கவரி வாகனம் அல்லது பிரேக்டவுன் வேன் என்று இருக்கிறதா, சரக்கு வாகனம் என்று இருக்கிறதா? பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபிளாட்பெட்டில் ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் பதிவாகியிருக்கும். மற்ற கணக்கெல்லாம் இந்த ஒரு வரிக்குப் பிறகுதான்.

காரணம் பெர்மிட், அதாவது சரக்கு ஏற்றி ஓட்ட வாங்க வேண்டிய அனுமதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66(3)-ல் சில வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. பழுதான வாகனத்தை இழுத்துச் செல்லும் வண்டிக்கும், பழுதான வாகனத்தில் இருக்கும் சரக்கைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்கும் அந்த விலக்கு உண்டு. விலக்கு வேலைக்குத்தான், வண்டிக்கு இல்லை. அதே வண்டியில் வாடகைக்குத் தக்காளி ஏற்றிய நிமிஷம் அது பெர்மிட் இல்லாத சரக்கு வண்டி. பிரிவு 192ஏ-யின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க முடியும்.

அபராதத்தைக்கூட ஒரு சீசன் வாடகையில் கட்டிவிடலாம். இன்சூரன்ஸ் அப்படி இல்லை. ரெக்கவரி வண்டிக்கான பாலிசி இதர வாகனங்கள் என்ற டி வகுப்பில் வரும், சரக்கு வண்டிக்கு ஏ வகுப்பு. எதற்குப் பயன்படுத்தலாம் என்று பாலிசியிலேயே ஒரு பத்தி இருக்கும், அதை ஒரு தடவையாவது படித்துப் பாருங்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று ஆனது. அதாவது தொப்பூர் கணவாயில் பைக்கில் போகிற ஒருவர் மேல் வண்டி சாய்ந்தால், அந்த நஷ்டஈடு கடைசியில் உங்கள் நிலத்தின் மேல் வந்து விழும்.

அடுத்தது எடை. ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை இரண்டும் இருக்கும். மொத்த எடை 7,490 கிலோ, காலி எடை 4,400 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 3,090 கிலோதான். ஹைட்ராலிக்கில் சாயும் படுக்கையும், பழுதான வண்டியைக் கயிற்றால் இழுத்து ஏற்றும் வின்ச்சும் நிறையத் தின்றுவிடுகின்றன. அதே சேஸில் சாதா பாடி கட்டிய லாரி ஏற்றுவதை நீங்கள் ஏற்ற முடியாது. மீறினால் பிரிவு 194-ன்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்.

கடைசியாக நேரம். ரெக்கவரி தொழிலில் நாம் விற்பது வண்டியை இல்லை, அரை மணியில் வந்து நிற்பதை. இதை மறந்து போடும் கணக்கு எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

## வழி 1: அதே ஃபிளாட்பெட்டில் விளைச்சல் ஏற்றுவது

தாளில் எழுதினால் இது நன்றாகவே இருக்கும், அதை மறைக்கக் கூடாது. பாலக்கோட்டிலிருந்து சேலம் மார்க்கெட் சுமார் 90 கிலோமீட்டர், போக வர 180. ஃபிளாட்பெட் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் டீசல் செலவு 2,390 ரூபாய் வரும். முழு 3 டன் ஏற்றினால் டன்னுக்கு 800 ரூபாய்கூட இல்லை. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும், ஒண்ணேகால் டன் ஏற்றும் சின்ன வண்டிக்கு அதே தூரத்தில் டன்னுக்கு 957 ரூபாய் ஆகும். பெரிய வண்டிதான் மலிவு.

ஆனால் முழு 3 டன் யார் தோட்டத்தில் ஒரே நாளில் கிடைக்கும்? ஒரு விவசாயி ஒரு பறிப்பில் 50 கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) தக்காளி அனுப்புகிறார் என்றால், கிரேட்டுக்கு 25 கிலோ வைத்தால் 1,250 கிலோ. அதை ஃபிளாட்பெட்டில் கொண்டுபோனால் டன்னுக்கு 1,900 ரூபாய் டீசல். மூன்று தோட்டத்தில் நின்று நிரப்பலாம்தான். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் அரை மணி, பறிப்பு முடியவில்லை என்றால் ஒரு மணி. அப்புறம் மண்டியில் இறக்க வரிசை, ஏலம் முடியக் காத்திருப்பு. போனில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும், மேலே 120 கிரேட் இருக்கும், இறக்கிவைத்துவிட்டு ஓட முடியாது. ஓர் அழைப்பை விட்டால் அன்றைய வாடகை மட்டும் போகும். இரண்டு மூன்று தடவை விட்டால் அந்த ஒர்க்‌ஷாப்காரர் அடுத்த தடவை வேறு எண்ணுக்கு அடிப்பார். அவர் திரும்பி வரப் பல மாதம் ஆகும்.

இரண்டு வேலைக்கும் நேரமும் ஒன்றாகவே மோதுகிறது. தக்காளியும் பூவும் நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் நகர்கின்றன. தொப்பூர் இறக்கத்தில் நமக்கு அழைப்பு வருவதும் பெரும்பாலும் அதே நேரம்தான்.

மாங்காய்க்கு வருவோம், தம்பி கேட்டது அதைத்தான். கிருஷ்ணகிரியில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கிரேட்டில் போவதில்லை, அப்படியே குவியலாகப் போகிறது. அதற்குப் பக்கப் பலகை வேண்டும். ஃபிளாட்பெட்டில் பலகை கிடையாது. தற்காலிகமாகக் கம்பி அடித்துப் பலகை வைத்தால் அது வண்டியின் அமைப்பை மாற்றுவது, பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கிரேட்டில் போகும் மேசைப் பழம், அல்போன்சா, செந்தூரா மாதிரி, ஏற்றலாம். அதை அனுப்புகிறவர்கள் ஏற்கெனவே வாடிக்கை வண்டி வைத்திருப்பார்கள்.

பலர் யோசிக்காத இன்னொன்று, தளத்தின் சுத்தம். இது என் அனுபவம். சில வருஷம் முன்பு சொந்தத்தில் ஒருவருடைய தக்காளியை, 60 கிரேட், அவசரத்துக்கு எங்கள் ஃபிளாட்பெட்டில் கொண்டுபோனேன். முதல் நாள்தான் ஒரு விபத்துக் காரை இறக்கியிருந்தோம். தண்ணீர் அடித்துக் கழுவித்தான் ஏற்றினோம். ஆனால் தகட்டின் புடைப்புகளுக்கு இடையில் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்திருக்கிறது. அடியில் இருந்த கிரேட்டுகளை இழுத்து இறக்கும்போது அது உள்ளே விழுந்திருக்கிறது. மண்டியில் எடுத்தவர் ஒரு பழத்தில் துண்டைக் கண்டதும் அடி வரிசை முழுவதையும் ஒதுக்கிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. அது யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகும் பொருள். விபத்து வண்டியிலிருந்து வடியும் டீசல், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி அமிலம் எல்லாம் அந்தத் தகட்டில்தான் இறங்குகின்றன. தார்ப்பாய் விரித்தால் போதும் என்று இன்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் இந்த வழி யாருக்கும் ஆகாதா? ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்று இருந்து, பெர்மிட்டும் ஏ வகுப்பு இன்சூரன்ஸும் எடுத்திருந்தால், உணவுப் பொருள் அல்லாத விவசாயச் சரக்குக்கு ஆகும். சொட்டுநீர்ப் பைப் கட்டு, பந்தல் கல், கல்தூண், கம்பிச் சுருள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு ஃபிளாட்பெட் அருமையான வண்டி. படுக்கை சாயும், வின்ச் இழுக்கும். நான்கு ஆள் தூக்க வேண்டியதை ஓர் ஆளே இறக்கிவிடலாம்.

எப்படி இருந்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். லோடுக்கு மேல் பறிப்பு ஆட்களை உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். பக்கப் பலகை இல்லாத தளம், கையால் பிடிக்க ஒன்றுமே இல்லை. சரக்கின் சொந்தக்காரர் கேபினில் வரலாம். மற்றவர்கள் பஸ்ஸில் வரட்டும், பஸ் காசை நீங்களே கொடுத்தாலும் சரி.

## வழி 2: நின்றுபோன டிராக்டரையும் பவர் டில்லரையும் தூக்குவது

நான் நம்புகிற வழி இதுதான். பழுதான டிராக்டர் சட்டத்தின் கண்ணில் பழுதான வாகனம். உங்கள் ஆர்.சி.யில் ரெக்கவரி என்று இருந்தாலே போதும், புதுப் பெர்மிட் வேண்டாம், இன்சூரன்ஸ் வகுப்பு மாற்ற வேண்டாம், தளம் அழுக்கானாலும் பரவாயில்லை. நீங்கள் செய்யும் அதே தொழில், வாடிக்கையாளர் மட்டும் புதுசு.

எடையும் ஒத்துவருகிறது. 45 குதிரைத்திறன் டிராக்டர் சுமார் 2 டன். பின்னால் மண்ணைக் கிளறும் 6 அடி ரொட்டவேட்டர் மாட்டியிருந்தால் இன்னும் 400, 500 கிலோ. பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள், அதுவும் எடைதான். 3 டன் தாங்கும் ஃபிளாட்பெட்டுக்கு இது வசதியான லோடு. ஆனால் ஜே.சி.பி. 7 டன்னுக்கு மேல். நெல் அறுக்கும் பெரிய இயந்திரம் அதற்கும் மேல். கூப்பிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இதிலும் போட்டி இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் கயிறு கட்டி இழுத்துவிடும், காசு கேட்காது. கிளட்ச் பிளேட், டீசல் பம்ப் மாதிரி வேலைக்கு மெக்கானிக்கே வயலுக்கு வந்துவிடுவார். அதனால் சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்குள் உங்களுக்கு வேலை கிடைக்காது. முன் ஆக்ஸில் முறிந்தது, கியர் பாக்ஸ் இறக்க வேண்டியது, பிரேக் இல்லாதது, மலையில் நிற்பது, இவைதான் உங்கள் வேலை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும், வத்தல்மலைப் பாதையிலும் பிரேக் இல்லாத டிராக்டரைக் கயிற்றில் இறக்குவது உயிரோடு விளையாடுவது. அங்கே ஃபிளாட்பெட் வருவது பெரிய உதவி. அதைச் சொல்லித்தான் அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளிடம் எண்ணைக் கொடுக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, பாலக்கோடு, அரூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்கள் பத்துப் பேரைப் பிடித்தால் ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வேலை தானாக வரும். உழவு வேலை உச்சத்தில் இருக்கும் போதுதான் டிராக்டர் அதிகம் கெடும். நின்ற ஒரு நாளும் விவசாயிக்கு நஷ்டம், அதனால் அப்போது பேரம் பெரிதாக இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு மாதிரி. வயலுக்குள் வண்டியை இறக்கவே கூடாது. பின் பக்கம் கனமான வண்டி, மழைக்குப் பிறகு புதைந்தால் உங்களைத் தூக்க இன்னொரு வண்டி வர வேண்டும். ரோட்டில் நின்று வின்ச் கயிற்றை நீட்டுங்கள், தூரம் போதாவிட்டால் கூடுதல் கயிறும் கப்பியும் வேண்டும். அதைத் தொடக்கச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர், அதன் மேல் டிராக்டரின் புகைக்குழாய் வரை இரண்டேகால் மீட்டர். கிராமத்துப் பாதையில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் புளியங்கிளையும் இடிக்கும் உயரம் அது. ஏற்றியதும் இறங்கி நின்று அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான்கு மூலையிலும் செயினோ பெல்ட்டோ போட்டு, ரொட்டவேட்டரை முழுசாகக் கீழே இறக்கி, டிராக்டரைக் கியரில் நிறுத்துங்கள். அகலம் தளத்துக்கு வெளியே நீட்டினால் அதற்குத் தனியாக 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது.

பணம் வருவதிலும் ஒரு சிக்கல். கார்காரர் இறக்கியதும் கொடுத்துவிடுவார். விவசாயி அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்பார், அவரிடம் அப்போது நிஜமாகவே இருக்காது. நான் டீசல் காசை முதலில் வாங்கிக்கொண்டு மீதிக்குக் காத்திருப்பேன். இன்று வரை ஏமாந்தது குறைவு.

ஓடுகிற நிலையில் இருக்கும் டிராக்டரை டீலரிடமிருந்து ஊருக்குக் கொண்டுபோவது, தனி ரொட்டவேட்டரை ஏற்றுவது இரண்டும் சரக்கு. அதற்குப் பெர்மிட் வேண்டும், விலக்கு கிடையாது. தவணை கட்டாத டிராக்டரைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லியும் அழைப்பு வரும், நல்ல காசும் கொடுப்பார்கள். நான் போவதில்லை. ஒரு தடவை போனால் அந்த ஊரில் வேறு எந்த வீட்டிலிருந்தும் நமக்குப் போன் வராது. அதைவிட, அந்த வீட்டு வாசலில் நின்று வின்ச் பட்டனை அமுக்க எனக்கு மனசு வராது.

## வழி 3: விளைச்சலுக்குத் தனியாக ஒரு சின்ன வண்டி

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, அதே பிரிவு 66(3)-ல் இருக்கிறது. குட்டியானை என்கிற டாடா ஏஸ் இதற்குள் வரும், அசோக் லேலண்ட் தோஸ்த் வரும். பிக்கப்பில் சில மாடல் வரும், சில வராது. பழைய வண்டி பார்க்கும்போது பெயரைப் பார்க்காமல் ஆர்.சி. எடையைப் பாருங்கள்.

இந்த வண்டிக்கு ராயக்கோட்டை, பாலக்கோட்டுத் தக்காளியும், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும் காய்கறியும், பூ மூட்டையும் சரியான அளவு. தோட்டத்துக்குள்ளே போகும், பக்கப் பலகை இருக்கிறது, தளம் சுத்தமாக இருக்கும். ரெக்கவரி வண்டி அழைப்புக்குத் தயாராக நிற்கும்.

செலவு என்னவென்றால் இன்னொரு டிரைவர். நீங்கள் ஒருவரே இரண்டு வண்டியையும் ஓட்டுவதாக இருந்தால் இந்த வழியே வேண்டாம். தம்பியோ மச்சானோ கூட இருந்தால்தான் இது நிற்கும். லைசென்ஸ் பிரச்சினை இல்லை: மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைச் கார் ஓட்டும் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதன் பிறகு வருஷா வருஷம். மலிவு என்று ஒன்பது வருஷ வண்டி வாங்கினால் எஃப்.சி. செலவை வருஷம்தோறும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து தக்காளி விலை. விலை விழுந்த நாளில் பறிப்புக் கூலியே கட்டுபடியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள், அன்று உங்களுக்கு லோடு இல்லை. தவணைக்குப் பன்னிரண்டு மாதம், மாங்காய்க்கு மூன்று மாதம். அதனால் கடன் போட்டு வாங்குகிறவர்கள் ஒரே பயிரை நம்பக் கூடாது. தக்காளி, பூ, புளி, சந்தை நாள் என்று வருஷம் முழுவதும் எதாவது ஒன்று இருக்கிற ஊரா என்று பார்த்து இறங்குங்கள்.

வண்டி வாங்கக் காசு இல்லையென்றாலும் ஒன்று செய்யலாம். பிக்கப் வைத்திருக்கும் நண்பருக்கு லோடு பிடித்துக் கொடுங்கள். இரவெல்லாம் போனை எடுக்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

## வழி 4: ஃபிளாட்பெட்டையே சரக்கு வாகனமாக மாற்றிப் பதிவது

ஆர்.டி.ஓ. அனுமதி, புதிய வரி, பெர்மிட், இன்சூரன்ஸ் வகுப்பு மாற்றம் என்று அலைச்சல் உண்டு. ஓசூர் தாண்டி பெங்களூருக்கும் ஓட்டுவதாக இருந்தால் நேஷனல் பெர்மிட், அதற்கு வருஷத்துக்கு ஒருங்கிணைந்த கட்டணம் 16,500 ரூபாய். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இனிமேல்தான் வாங்கப்போகிறேன் என்பவர்கள் பாடி கட்டுவதற்கு முன்னாலேயே, எந்த வகுப்பில் பதிவாகும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். டீலர் டிராக்டர், பழைய கார், பைப், தூண் என்று ஓட்டும் எண்ணம் இருந்தால் சரக்கு வகுப்புதான் நல்லது.

## எந்தச் சரக்குக்கு எந்த வண்டி

| சரக்கு | ரெக்கவரி ஆர்.சி. ஃபிளாட்பெட் | சரக்கு ஆர்.சி. ஃபிளாட்பெட் | 3 டன்னுக்குள் சின்ன வண்டி |
|---|---|---|---|
| தக்காளி, பூ, கிரேட் மாம்பழம் | கூடாது | சட்டப்படி சரி, நான் ஏற்ற மாட்டேன் | நல்லது |
| கூழுக்குப் போகும் மாங்காய்க் குவியல் | கூடாது | பலகை இல்லை | சிறு அளவுக்கு மட்டும் |
| மரவள்ளி, புளி மூட்டை | கூடாது | கட்டும் வேலை அதிகம் | நல்லது |
| பைப், கல்தூண், தொட்டி | கூடாது | மிக நல்லது | நீளம் போதாது |
| பழுதான டிராக்டர், டில்லர் | மிக நல்லது | நல்லது | முடியாது |
| ஓடுகிற டிராக்டர் | கூடாது | நல்லது | முடியாது |

கரும்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவு ஆலைகளுக்குப் போகும் கரும்பு டிராக்டர் டிரெய்லர்களின் வேலை, அதில் ரெக்கவரி வண்டிக்கு இடமே இல்லை.

காவேரிப்பட்டணத்துத் தம்பி அங்கேயே போனில் ஆர்.சி.யைத் திறந்து பார்த்தார். ரெக்கவரி வாகனம் என்றுதான் இருந்தது. மாங்காயை விட்டுவிட்டார். ராயக்கோட்டை ரோட்டில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நான்கைச் சொன்னேன், இந்த வாரத்துக்குள் நான்கு பேரையும் நேரில் பார்த்து எண் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.